எலிகள் முட்டை போடுவதில்லை

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தாரணி காலை பஸ்ஸில் பெங்களூர் போய்விட்டாள். முதல் வேலை. அவள் சேர்ந்திருக்கும் மகளிர் விடுதியில் நாய், பூனை, பறவை எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாதாம். "எலின்னு சொல்லலையேம்மா, கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் தாயே என்றேன்.

ஆக, அவளுடைய வளர்ப்பு எலிகள் இரண்டும் என் தலையில். குண்டாக, வெள்ளையும் சாம்பலுமாக இருப்பது மொச்சை. ஒல்லியாக, பழுப்பாக, எப்போதும் பஸ்ஸைத் தவறவிட்டதுபோல் அலைவது கொள்ளு. இரண்டும் பெண். கோவையில் படிக்கும்போது வாங்கி, எங்களிடம் மூச்சுவிடாமல் வளர்த்திருக்கிறாள்.

"நீதான் விலங்கியல் படிச்சவளாச்சே, பாத்துக்க" என்கிறார் இவர். நான் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தது இந்த வீட்டில் இத்தனை வருஷமாக யாருக்கும் ஞாபகம் வந்ததில்லை. எலி வந்ததும் வந்துவிட்டது.

எனக்கும் இந்த எலிகளுக்கும் சோறு, தண்ணீர், சுத்தம் இவற்றைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது.

செப்டம்பர் 2, செவ்வாய்

கொள்ளுவுக்குப் பச்சைப் பட்டாணி பிடிக்கிறது. மொச்சைக்கு எல்லாமே பிடிக்கிறது.

செப்டம்பர் 6, சனி

தாரணி விட்டுப்போன பிளாஸ்டிக் பெட்டி சின்னது. "எம் புள்ளையோட எலிக்கு நான் கூண்டு கட்ட மாட்டனா?" என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இன்று பட்டறையிலிருந்து கொண்டுவந்தார். ஆட்களை விடாமல் தானே இறங்கித் தூக்கிவந்து கூடத்தில் வைத்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு வெல்டிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தானே உட்கார்ந்து பற்றவைத்தாராம். கதவுக்கு மேலே கம்பியை வளைத்து 'தா' என்று ஓர் எழுத்து வேறு. யார் கேட்டது?

கூண்டு பெரியதுதான். பளபளவென்று இருக்கிறது. எலிகளை உள்ளே விட்டோம். இரண்டும் தடுமாறி முன்பக்கமாகச் சறுக்கிப் போய் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன. தண்ணீர்க் கிண்ணமும் பின்னாலேயே வந்தது.

குனிந்து பார்த்தேன். அடித்தளம் முழுக்கக் கம்பி வலை. அதுவும் பின்னாலிருந்து முன்னால் சரிந்து வருகிறது.

"ஏனுங்க, எதுக்குச் சரிவு?"

"முட்டை உருண்டு முன்னாடி வரணும்ல."

"எலி முட்டை போடாதுங்க."

குனிந்து வலையைத் தடவிப் பார்த்தார். "பழக்க தோஷம்" என்றார். பிறகு, "சரிவு இருந்தா என்ன, தண்ணி தேங்காது" என்றார்.

நாமக்கல்லில் கூண்டு என்றால் கோழிக் கூண்டு. இவர் பட்டறையில் அடிப்பது அது ஒன்றுதான். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. கோழி கம்பிமேல் நிற்கும், எச்சம் கீழே விழும், முட்டை முன்னால் உருளும், ஆள் வந்து எடுத்துக்கொள்வான். மகளுக்கென்று ஆசையாக உட்கார்ந்தபோதும் கை அதையே செய்திருக்கிறது. சிரித்திருப்பேன். ஆனால் அதைத் திருத்தித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை வரவில்லை பாருங்கள், அதுதான் எரிச்சல்.

முன்கால்களுக்குக் கீழே இரண்டு மரக்கட்டைகளை நானே வைத்துச் சமப்படுத்தினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எலிகளின் படுக்கைக்கு உமி போட்டால் போதும் என்று இவர் ஒரு சாக்கு அனுப்பினார். கறிக்கோழிப் பண்ணையில் அதுதானே போடுகிறார்கள். பாதி வலை வழியாகக் கீழே கொட்டியது. மீதியில் இருந்து கிளம்பிய தூசியில் கொள்ளு தும்ம ஆரம்பித்தது. மூக்கோரத்தில் சிவப்பாக ஏதோ. ரத்தம் என்றுதான் நினைத்தேன். தாரணிக்குப் போன் செய்தேன்.

"ரத்தமில்லம்மா. உடம்புக்கு ஆகலைன்னா மூக்குல, கண்ணுல அப்படிச் செவப்பா ஊறும். கீழ என்ன போட்டிருக்க?"

"உமி."

"அதைத் தூக்கிப் போடு. உமி வேண்டாம், மரச்சீவல் வேண்டாம், பஞ்சு வேண்டவே வேண்டாம். நூல் பிரியற துணியும் கூடாது, விரல்ல சுத்திக்கும். காகிதத்தைக் கிழிச்சுப் போடு, இல்ல பனிக்காலத்துல போர்த்தற அந்த மெத்துனு இருக்கற போர்வை இருக்கே, அதை வெட்டிப் போடு."

"கம்பி வழியாக் காகிதம் கீழ விழுதே."

"கம்பியா? எந்தக் கம்பி? காமி."

காட்டினேன். வீடியோவில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு, "யாரு, அப்பாவா?" என்றாள். கதவின் மேலிருந்த எழுத்தையும் பார்த்திருப்பாள். "கம்பி மேலயே நின்னா உள்ளங்கால் புண்ணாயிரும்மா. அடியில தட்டையா ஏதாச்சும் வேணும். அப்பாகிட்டச் சொல்லு, ஆனா திட்டாத."

திட்டக் கூடாதாம். எலியைக் காப்பாற்றவும் நான் வேண்டும், அப்பாவின் மனசைக் காப்பாற்றவும் நான் வேண்டும்.

செப்டம்பர் 10, புதன்

சொன்னேன். திட்டாமல்தான் சொன்னேன். கோழிக்குழம்பு ஊற்றும்போது, சாதாரணமாக.

"அடியில தட்டையா ஒரு தகடு போட்டுக் குடுங்க. கம்பி கால்ல உறுத்துதாம்."

"தகடு போட்டா மூத்திரம் தேங்கும், நாறும். வலைன்னா சுத்தம். இருவது வருஷமா இதுலதான் கோழி நிக்குது. ஒரு கோழி வந்து கால் வலிக்குதுன்னு சொல்லியிருக்கா?"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். நான் கேட்டதில் என்ன தப்பு? இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் 13, சனி

மொச்சையின் வலது பின்னங்காலில், குதிகாலுக்குக் கீழே, சிவந்திருக்கிறது. குண்டாக இருப்பதால் எடை முழுக்க அங்கே இறங்குகிறது.

செப்டம்பர் 15, திங்கள்

சிவப்பு தடித்து உருண்டையாகிவிட்டது. நடுவில் கறுப்பாகப் பொருக்கு. தொட்டால் காலை இழுத்துக்கொள்கிறது. சின்னச் சத்தம்கூடப் போடுவதில்லை. அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கால்நடை மருத்துவர் இருப்பார், எல்லாரும் கோழி பார்ப்பவர்கள். இளவழகன் என்று ஒருவரிடம் போனேன். மேஜைக்கு முன்னால் எல்லாம் பண்ணைக்காரர்கள். மொச்சை மூடிய கூடையில், என் மடியில்.

"எத்தனைங்கம்மா?"

"ரெண்டு."

"ரெண்டாயிரமா?"

"ரெண்டு எலிங்க, டாக்டர். அதுல ஒண்ணுக்குத்தான் சீக்கு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மொச்சையை மல்லாத்திப் பாதத்தைப் பார்த்தார்.

"கம்பித் தளமா?"

"ஆமாங்க."

"இது கம்பியால வர்றதுதான். வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கால வைங்க, மருந்து தர்றேன், தடவுங்க. ஆனா தளத்த மாத்தலைன்னா எந்த மருந்துக்கும் கேக்காது. சீழ் எலும்புக்குப் போச்சுன்னா கால எடுக்கணும். இவ்வளவு சின்ன உசுரு, ஆபரேஷன் தாங்கறது கஷ்டம்."

"கோழிக்கும் இப்படி வருமுங்களா?"

"வரத்தான் செய்யுது. கோழிய யாரும் கூடையில வச்சுக் கூட்டிட்டு வர்றதில்லீங்களே."

இவர் பட்டறை பேரைச் சொன்னால் அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். சொல்லவில்லை. கூடையை அணைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்துவிட்டது. வீட்டில் முட்டை, கறி இல்லை. பண்ணைக்காரர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்றார் இவர். இருக்கட்டும்.

அட்டை வைத்தேன், நனைந்து ஊறிப்போனது. பிளைவுட் துண்டு வைத்தேன், கொள்ளு ஓரத்தைக் கொறித்துத் தள்ளிவிட்டாள். பரண்மேல் தாரணியின் கேரம் பலகை இருந்தது. இறக்கிக் கூண்டுக்குள் வைத்தால் அளவெடுத்து வைத்தாற்போல் உட்கார்ந்துவிட்டது. மேலே பழைய போர்வையை வெட்டி விரித்தேன். ஓரத்தை மடித்துக் கையால் தைத்தேன், நூல் பிரியக் கூடாதே. பலகையின் மூலை ஓட்டை வழியாகக் கொள்ளு தலையை நீட்டிப் பார்க்கிறாள்.

தினமும் போர்வை மாற்றி, துவைத்து, காயவைத்து. மொச்சைக்குக் காலையும் மாலையும் உப்புத் தண்ணீர். என் உள்ளங்கையில் சாய்ந்துகொண்டு காலைக் கிண்ணத்தில் விட்டுக்கொள்கிறாள். முடிந்ததும் என் கட்டைவிரலை நக்குகிறாள். உப்புக்காகத்தான்.

செப்டம்பர் 20, சனி

"எங் கூண்டுக்குள்ள கேரம் போர்டா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"மொச்சைக்குக் கால் புண்ணு. டாக்டர் சொல்லிட்டாரு."

"எந்த டாக்டர்?"

"இளவழகன்."

முகம் மாறிவிட்டது. "அவருக்கே நாந்தான் பண்ணைக்குக் கூண்டு போட்டுக் குடுத்தேன். அவருகிட்டப் போயி எங் கூண்டு சரியில்லைன்னு சொல்லிட்டு வந்தியா?"

"கூண்டு யாருதுன்னு சொல்லலீங்க."

"சொல்லாட்டி தெரியாதா இந்த ஊர்ல?"

எலியின் கால் அழுகிக்கொண்டிருக்கிறது, இவருக்குப் பேர் போய்விடுமோ என்று கவலை. எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. இன்னும் ஒன்று. கூண்டின் படத்தை இவர் அடித்த அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். சேலத்தில் வளர்ப்புப் பிராணிக் கடை வைத்திருக்கும் தியாகு என்பவர் பார்த்துவிட்டு, முயலுக்கும் எலிக்கும் இதேபோல மொத்தமாக வேண்டும் என்கிறாராம். அடியில் கம்பி வலை இருப்பதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறதாம், சுத்தம் செய்கிற வேலையே இல்லையாம்.

சுத்தம் செய்வது யாருக்கு வேலை, புண் யாருக்கு, பாருங்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பேச்சுவார்த்தை இல்லை. சாயங்காலம் நான் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தேன். இறங்கி வரும்போது இவர் கூண்டுக்கு முன் உட்கார்ந்து பட்டாணியைக் கம்பி இடுக்கில் நீட்டிக்கொண்டிருந்தார். "சாப்புடு சாமி, அக்கா லீவுக்கு வந்துருவா" என்றார். என்னைக் கண்டதும் எழுந்து டி.வி. போட்டுவிட்டார்.

செப்டம்பர் 25, வியாழன்

பொருக்கு உதிர்ந்து அடியில் ரோஜா நிறத்தில் புதுத்தோல். மொச்சை இன்று காலைத் தரையில் ஊன்றி நடந்தாள். தாரணிக்குப் படம் அனுப்பினேன். ஆயுத பூஜைக்கு வருகிறாள்.

செப்டம்பர் 29, திங்கள்

பலகை ஊறி நாற்றம் எடுக்கிறது. இது நிரந்தரம் இல்லை என்று எனக்கே தெரிகிறது. மறுபடி கேட்டேன். "பூஜை முடியட்டும்" என்றார். முடிந்தால் செய்வாரா, முடியட்டும் என்று சொல்லி முடித்துவிட்டாரா?

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

கோர்வையாக எழுத வருகிறதா என்று பார்க்கிறேன்.

காலையில் நான் குளித்துவிட்டு, பட்டறைக்குக் கொண்டுபோகச் சுண்டலும் பொங்கலும் செய்துகொண்டிருந்தேன். தாரணி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள், நேராகப் பட்டறைக்கே வருவதாகச் சொல்லியிருந்தாள். பாத்திரங்களைக் கூடத்துக்கு எடுத்து வந்தால் கூண்டு இருந்த இடம் காலி. கேரம் பலகை சுவரோரம் சாத்தியிருக்கிறது. போர்வை தரையில்.

ஆட்டோ பிடித்தேன்.

பட்டறை வாசலில் வாழைக்கன்று, தோரணம். வெல்டிங் மெஷின், கட்டர், டிரில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நட்டநடுவில் பெஞ்சின்மேல் என் கூண்டு. கதவில் 'தா' எழுத்துக்கு மாலை. உள்ளே அடித்தளம் வெறும் கம்பி. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் சேலம் கடைக்காரர் தியாகு செல்போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இவர் கீழே கையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

கொள்ளு கதவைப் பற்றிக்கொண்டு தொங்கினாள். மொச்சை முன்மூலையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கூண்டுக்குக் கீழே விரித்திருந்த வெள்ளைத் தாளில் சிவப்பாகப் புள்ளிகள். குங்குமம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். புதுத்தோல் கிழிந்திருந்தது.

"வாங்கக்கா" என்றார் தியாகு. "பிரமாதமான ஐட்டம். பிள்ளையார் வாகனத்தையே வச்சு டெமோ காட்டறாருங்க உங்க வீட்டுக்காரர்."

நான் மொச்சையை வெளியே எடுத்து முந்தானையில் வைத்துக்கொண்டேன். இவர், "பூஜை நேரத்துல ஏம்புள்ள..." என்று ஆரம்பித்தார். பூஜைக்காக எல்லாரும் வெறுங்காலில் இருந்தோம். சுவரோரமாகக் கோழிக் கூண்டுக்கு வெட்டிவைத்த கம்பித் தளங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை இழுத்து இரண்டு செங்கல்மேல் போட்டேன். அதன்மேல் ஏறி நின்றேன்.

வலிக்கும் என்று தெரியும். இப்படி வலிக்கும் என்று தெரியாது. கம்பி குதிகாலுக்குள் இறங்குவதுபோல. எடையை ஒரு காலுக்கு மாற்றினேன், அந்தக் கால் கூடுதலாக வலித்தது. பிறகு அடுத்த கால். மொச்சை செய்துகொண்டிருந்ததும் அதுதான்.

"கோகிலா, எறங்கு."

"பூஜையப் பாருங்க."

"எறங்குன்னா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். சுத்தமாத்தானே இருக்கு."

தியாகு சிரித்தார். "அக்கா தமாஷ் பண்றாங்க."

"நீங்க வேணும்னா ஏறுங்க தம்பி. எடமிருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பட்டறை ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். கற்பூரத் தட்டுடன் இவர் நின்றார். கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது, காட்டவும் இல்லை, வைக்கவும் இல்லை. எனக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்தது, கோபத்தில். வலியில் இல்லை.

வாசலில் பை விழுகிற சத்தம். தாரணி. அவள் என்னைப் பார்த்தாள், கூண்டைப் பார்த்தாள், முந்தானையில் ரத்தத்தைப் பார்த்தாள். என் பக்கத்தில் வந்து செருப்பைக் கழற்றினாள்.

அவள் கால் வலையைத் தொடுவதற்குள் இவர் தட்டை வைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துவிட்டார். "நீ வேண்டாம் சாமி" என்றார். "நீ வேண்டாம்."

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. பட்டறை லீவு. இவர் மட்டும் காலையில் போனார். மத்தியானம் சமையலறை அலமாரிக்குப் போடுகிற பிவிசி பலகையோடு வந்தார். கூண்டின் சரிவை அறுத்து நேராக்கினார். பலகையை வெட்டி உட்காரவைத்து, எலி கொறிக்காமலிருக்க நான்கு ஓரத்துக்கும் தகட்டை மடித்து அடித்தார். இழுத்தால் தனியே வரும், கழுவிக்கொள்ளலாம். மடித்த ஓரத்தில் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தார், எங்காவது கீறுகிறதா என்று. நான் சொல்லாமலே மேலே போர்வையை விரித்தார், மடித்துத் தைத்த பக்கம் கீழே இருக்கும்படி.

தியாகு போன் செய்தார். "தட்டைத் தளந்தான் போடுவேன். வேண்டாம்னா வேற எடம் பாத்துக்குங்க" என்று இவர் போனை வைத்துவிட்டார்.

என் உள்ளங்காலில் கட்டம் கட்டமாகக் கோடு இன்னும் மறையவில்லை. நான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது பார்த்தார். தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நன்றாகத்தான் செய்தார் எல்லாம். செய்ய இவ்வளவுதான் வேலை என்றால், ஒரு மாதம் எதற்கு என்று கேட்கத் தோன்றியது. தாரணி கண்ணால் வேண்டாம் என்றாள்.

அக்டோபர் 4, சனி

மொச்சையின் ஒரு விரல் போய்விட்டது. கால் பிழைத்துவிட்டது என்றார் டாக்டர் இளவழகன். தாரணி அவளைத் தூக்கிக்கொண்டு போனாள், அப்பா பேரைக் கேட்டதும், "ஓ, அவரு கூண்டா" என்றாராம். அவ்வளவுதான்.

அக்டோபர் 6, திங்கள்

தாரணி நேற்று பெங்களூர் திரும்பினாள். மொச்சை போர்வைமேல் வயிறு பதிய, நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தூங்குகிறாள். இப்படித் தூங்குவாள் என்றே எனக்குத் தெரியாது.

காலையில் பட்டறையிலிருந்து மோகனூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்குக் கோழிக் கூண்டு ஏற்றிய லாரி கிளம்பியது. லோடு போகும்போது கற்பூரம் காட்டுவது நான்தான், பட்டறை ஆரம்பித்ததிலிருந்து. இவர் கற்பூரத் தட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"என்ன இன்னும்? அதான் மாத்திக் குடுத்துட்டேன்ல."

"அது எலிக்கு."

இவர் கோபப்படவில்லை, அலுத்துப்போன குரலில்தான் சொன்னார். "கோழிக்குத் தட்டையாப் போட்டா எச்சத்த மிதிச்சு சீக்கு வரும். முட்டை உருளாது. பண்ணைக்காரன் வாங்கமாட்டான். நான் அடிக்கலைன்னா அடுத்த பட்டறைக்காரன் அடிப்பான். உனக்குப் புரியாததா?"

புரிகிறது. ஒவ்வொன்றும் சரிதான். இந்த வீடு, தாரணியின் படிப்பு, நான் எழுதும் இந்த நோட்டு எல்லாம் அந்த வலையிலிருந்து வந்ததுதான் என்பதும் தெரியும். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பதில் இல்லை என்றால் கோபமும் அடங்கிவிடும் என்று இவர் எதிர்பார்க்கிறார். அது அடங்கவில்லையே, நான் என்ன செய்ய?

"ஒரு எலிக்குக் கால் புண்ணுன்னா நீ மடியில வச்சுட்டுப் போற. இருவதாயிரம் கோழிக்கு யாரு பாக்கறது?" என்றார்.

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்" என்றேன்.